26 நாள் தாமதமாகப் போன ஒரு போக்சோ புகார்

நான் 9 வருஷம் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தவள். பாட்டுக்கு எப்படி ஆக்‌ஷன் சொல்லித்தருவது, வசனப் போட்டி எப்படி நடத்துவது, சின்னப் பிள்ளைகளை எப்படி உட்கார வைப்பது என்று எத்தனையோ ஆசிரியர் பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு பிள்ளை என்னிடம் வந்து தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொன்னால் அடுத்த ஒரு மணி நேரத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று அந்த 9 வருஷத்தில் ஒருவரும் சொல்லித்தரவில்லை. நானும் கேட்டதில்லை. அதனால் அந்த நாள் வந்தபோது தவறான இடத்துக்குப் போனேன். அதைச் சரிசெய்ய எனக்கு 26 நாள் ஆனது. அந்த 26 நாளில் என்னென்ன கெட்டுப்போனது என்பதைத்தான் எழுதுகிறேன். எந்த ஊர், எந்தச் சபை, யாருடைய பிள்ளை என்று ஊகிக்க இடம் தரும் எதையும் எழுதவில்லை. சட்டமும் அதைத்தான் கேட்கிறது, அந்தப் பிள்ளைக்கும் அதுதான் நல்லது.

அவனுக்கு அப்போது 11 வயது. சபையில் சனிக்கிழமைதோறும் கீபோர்டு வகுப்பு நடக்கும். பாடகர் குழுவில் இருந்த ஓர் இளைஞர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்தார். எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஒரு ஞாயிறு வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் ஓடிப்போன பிறகு இவன் மட்டும் நின்று, "டீச்சர், நான் கீபோர்டு கிளாஸுக்கு வரலைன்னா இயேசப்பா கோவிச்சுக்குவாரா?" என்று கேட்டான். பிராக்டிஸ் பண்ணச் சோம்பல்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். "கர்த்தருக்காகச் செய்கிற காரியத்தை விடக்கூடாது தம்பி" என்று தட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டேன். அந்த வார்த்தை இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை. அடுத்த வாரமும் அவன் நின்றான். இந்த முறை, "அந்த அண்ணன் கதவைச் சாத்திடறாங்க" என்றான். அதற்கும் அடுத்த வாரம்தான் மீதியைச் சொன்னான்.

பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள் என்று அப்போது எனக்குத் தெரியாது. முழுக் கதையாக, வரிசையாக வராது. ஒரு துண்டைப் போட்டுப் பார்ப்பார்கள். நம் முகம் மாறுகிறதா, திட்டுகிறோமா, சிரிக்கிறோமா என்று கவனிப்பார்கள். அதைப் பொறுத்துத்தான் அடுத்த துண்டு வரும், இல்லையென்றால் வராமலே போகும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த ஒரு வகுப்புக்கு ஒரு பிள்ளை திடீரென்று வரமாட்டேன் என்றால், ஒரு பெரியவரின் பெயரைக் கேட்டதும் பேச்சை மாற்றினால், காரணம் சோம்பல்தான் என்று முடிவு கட்டாதீர்கள்.

அவன் சொன்ன அன்று நான் மூன்று தப்புகள் செய்தேன். முதலில் என் வாயிலிருந்து வந்தது "நிஜமாவா?" என்ற கேள்வி. அப்புறம், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், நீ சொல்லு" என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை என்னால் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. கடைசியாக எங்கே, எப்படி, எத்தனை தடவை என்று கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவன் அழுது, பிறகு பேசுவதையே நிறுத்திவிட்டான். பின்னாளில் வழக்கு விஷயமாகச் சந்தித்த ஓர் ஆலோசகர் அம்மா எனக்குச் சொன்னது இதுதான்: "நீ சொன்னது நல்லது, நான் நம்புகிறேன், இது உன் தப்பு இல்லை. உன்னைப் பாதுகாப்பாக வைக்க இதைச் சிலரிடம் நான் சொல்லியாக வேண்டும்." இவ்வளவு போதும். அவனாகச் சொல்வதைக் கேட்டுக்கொள்ள வேண்டும், தோண்டித் துருவக் கூடாது. அவன் போன உடனே அவன் பயன்படுத்திய அதே வார்த்தைகளில், தேதி, நேரம் போட்டு ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும். நம்முடைய விளக்கத்தை அதில் சேர்க்கக் கூடாது. நான் எழுதிவைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து சொன்னேன். நீதிமன்றத்தில் அதற்கு என்ன ஆனது என்று பின்னால் சொல்கிறேன்.

அன்று சாயங்காலமே எங்கள் சபைப் போதகர் ஐயாவிடம் போனேன். வீட்டில் சண்டை என்றாலும், வேலை போனாலும், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் ஐயாவிடம் போய்த்தான் பழக்கம். வேறு இடம் இருக்கிறது என்றே தோன்றவில்லை. அவர் நடிக்கவில்லை, உண்மையிலேயே கலங்கிப்போனார். கண்ணீரோடு ஜெபித்தார். "நான் பார்த்துக்கிறேன் சிஸ்டர், வெளியே யார்கிட்டயும் பேச வேண்டாம், ஜெபத்தில் வையுங்க" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. ஒரு பிள்ளையின் பாரத்தை வேறு ஒருவர் கையில் கொடுத்துவிட்டு நான் நிம்மதி அடைந்தேன் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அன்று எனக்குத் தெரியாத சட்டம் இது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்கு உட்பட்ட ஒரு பிள்ளைக்கு எதிராக இப்படி ஒரு குற்றம் நடந்தது என்று தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்று பயப்படக் காரணம் இருந்தாலோ, யாராக இருந்தாலும் காவல் துறைக்குச் சொல்லியாக வேண்டும். போதகரும் இதற்கு விலக்கில்லை, ஞாயிறு பள்ளி ஆசிரியரும் விலக்கில்லை. சொல்லாமல் விட்டால் 21ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் இருப்பவர் செய்ததை மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறையும் அபராதமும் உண்டு. நம் கையில் ஆதாரம் இருக்க வேண்டும் என்றோ, நாமே விசாரித்து உறுதி செய்ய வேண்டும் என்றோ சட்டம் கேட்கவில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மேல் வழக்குப் போட முடியாது என்றும் அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. "மானநஷ்ட வழக்கு வரும், ஜாக்கிரதை" என்று சபையை நிர்வகிக்கும் கமிட்டியில் ஒருவர் என்னைப் பயமுறுத்தியபோது இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் அன்றே எழுந்து போயிருப்பேன்.

ஏழாம் நாள் கமிட்டி "விசாரணை" வைத்தது. ஒரு மேஜை, ஐந்து ஆண்கள், எதிரே அந்தப் பிள்ளையும் அவன் அம்மாவும். நான் வெளியே நிற்க வேண்டும் என்றார்கள். என்னிடமே பாதி சொல்லி நின்றவன் அங்கே என்ன சொல்லியிருப்பான்? "சும்மா விளையாட்டுக்குத்தான்" என்று சொன்னானாம். அதை எழுதி அவன் அம்மாவிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் வெளியே வந்து என்னிடம், "பொம்பளப் பிள்ளைன்னா யோசிக்கணும். ஆம்பளப் பையனுக்கு என்ன சிஸ்டர்?" என்றார். போக்சோவில் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற பேதமே கிடையாது. சபை, கோயில், மசூதி என்று எந்த மத நிறுவனமானாலும் அதன் நிர்வாகத்தில் அல்லது பணியில் இருப்பவர் அங்கே வரும் பிள்ளைக்கு இதைச் செய்தால் அது சாதாரணக் குற்றத்தைவிடக் கடுமையான வகையில் சேரும், தண்டனையும் கூடும்.

அந்த விசாரணையின் இன்னொரு விளைவு எனக்குப் பிறகுதான் புரிந்தது. முதல் வாரத்திலேயே அந்த இளைஞரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டார்கள். அவர் அழுதார், தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்றார், அவருக்காகவும் ஜெபித்தார்கள். அன்று இரவே அவர் அந்தப் பிள்ளைக்கு அனுப்பியிருந்த செய்திகளையெல்லாம் தன் பக்கத்திலிருந்து அழித்துவிட்டார். அவன் அம்மாவின் போனில்தான் அந்தச் செய்திகள் வந்திருந்தன. மீதி இருந்ததைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது என்று அம்மாவும் அழித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவரிடம் அழிக்காதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். செய்தியோ படமோ இருந்தால் அழிக்காதீர்கள். யாருக்கும் அனுப்பவும் செய்யாதீர்கள், நம்பிக்கையானவர் என்றாலும் சரி. பிள்ளையின் தவறான படம் ஒன்று இருந்து அதை இன்னொருவருக்கு அனுப்பினால் அதுவே தனிக் குற்றம். போனை அப்படியே போலீஸிடம் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நாமாகப் போய்ப் பேசவே கூடாது.

என்னை வசனத்தால் கட்டிப்போட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சபைக்குள் வளர்ந்தவர்களுக்கு அதுதான் மிகவும் பலமான கயிறு. மத்தேயு 18இல் சகோதரன் குற்றம் செய்தால் தனியே போய்ப் பேசு என்று இருக்கிறதே என்றார்கள். 1 கொரிந்தியர் 6இல் விசுவாசிகள் ஒருவர்மேல் ஒருவர் வழக்குக்குப் போவதைப் பவுல் கண்டிக்கிறாரே என்றார்கள். நான் வாயடைத்துப் போனேன். இரண்டு வாரம் கழித்து ஓர் இரவு அதே மத்தேயு 18ஐ முதலிலிருந்து வாசித்தேன். சகோதரனிடம் தனியே பேசு என்பது 15ஆம் வசனம். அதற்கு முன்னால் 6ஆம் வசனத்திலேயே சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றி, எந்திரக் கல்லைக் கழுத்தில் கட்டிக் கடலில் அமிழ்த்துவதே அவனுக்கு நலம் என்று இருக்கிறது. கமிட்டி அறையில் அதை ஒருவரும் வாசிக்கவில்லை. கொரிந்தியரில் வருவதும் சகோதரருக்குள் இருக்கும் வழக்குகள். ஒரு பிள்ளையின் உடம்பில் நடந்த குற்றத்தை அந்தக் கணக்கில் எழுத எனக்கு மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. மன்னிப்பதும் புகார் கொடுப்பதும் ஒன்றையொன்று தடுக்காது. மன்னிப்பது அந்தப் பிள்ளையின் விஷயம், அவனுக்கு முடிந்தால், முடிகிற காலத்தில். அவன் சார்பில் கமிட்டி மன்னித்துவிட முடியாது.

அவன் அம்மா தனியாக இருந்து பிள்ளையை வளர்ப்பவர். பள்ளிக் கட்டணத்தில் பாதி சபையின் உதவி நிதியிலிருந்துதான் வந்தது. யாரும் அவரை நேரடியாக மிரட்டவில்லை. "இந்த வருஷ ஃபீஸ் பத்தி யோசிக்காதீங்க, நாங்க இருக்கோம்" என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொன்னார், அவ்வளவுதான். அதன் அர்த்தம் அவருக்குப் புரிந்தது. "அக்கா, விட்டுடலாமா?" என்று என்னிடம் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பேசி முடித்துக்கொண்டாலும் இந்தக் குற்றம் முடிந்துபோவதில்லை என்று இப்போது சொல்வேன். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கைப் பிள்ளையின் குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது.

22ஆம் நாள் வாக்கில் அந்த இளைஞரைச் சபையில் காணவில்லை. "ஓய்வு கொடுத்திருக்கோம்" என்றார்கள். சரி, ஏதோ நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். 26ஆம் நாள் காலை, பக்கத்துக் கிளைச் சபையில் இருக்கும் என் தோழி விடுமுறை வேதாகமப் பள்ளியின் புகைப்படங்களை அனுப்பினாள். நடுவில் அவர் நிற்கிறார், சுற்றிலும் சின்னச் சின்னப் பிள்ளைகள். எனக்குக் கை நடுங்கியது. அந்தப் பிள்ளைகளில் ஒருவருக்கு ஏதாவது நடந்தால் அதில் என் 26 நாளும் இருக்கும்.

இந்த இடம் மாற்றும் பழக்கம் எங்கள் சபை கண்டுபிடித்ததில்லை என்று அப்புறம் தேடிப் படித்தபோது தெரிந்தது. அமெரிக்காவின் பாஸ்டனில் குற்றம் சாட்டப்பட்ட பாதிரியார்களை ஒரு பங்குச் சபையிலிருந்து இன்னொரு பங்குச் சபைக்கு மாற்றிக்கொண்டே இருந்ததை 2002இல் ஒரு செய்தித்தாள் வெளிக்கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் அரசு ஆணையம் 5 வருஷம் விசாரித்து 2017இல் கொடுத்த இறுதி அறிக்கையிலும் இதே கதைதான். 2024 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயர் பதவி விலக வேண்டி வந்தது, அவருக்கு 2013இலேயே தெரியவந்த ஒரு விஷயம் உரிய முறையில் போலீஸுக்குப் போகவில்லை என்பதற்காக. சபைப் பிரிவு மாறினாலும் நாடு மாறினாலும் வேலை ஒன்றாகவே நடந்திருக்கிறது: விஷயத்தை உள்ளேயே வை, ஆளை நகர்த்து.

அன்று மத்தியானம் 1098க்கு அழைத்தேன். அது குழந்தைகளுக்கான இலவச உதவி எண், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள். பேசிய பெண் என்னை அவசரப்படுத்தவில்லை. பெயர் சொல்ல விருப்பமா என்று மட்டும் கேட்டார், சொன்னேன். அடுத்த நாள் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்தேன். முதலில் பக்கத்து நிலையத்துக்குப் போய், இங்கே இல்லை அங்கே போங்கள் என்று அலைந்ததில் அரை நாள் போனது. புகார் எந்த நிலையத்திலும் எடுக்க வேண்டியதுதான் என்று தெரிந்திருந்தால் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்.

நான் மிகவும் பயந்தது பிள்ளையைக் காவல் நிலையத்தில் உட்கார வைப்பார்களோ என்பதற்குத்தான். அப்படி நடக்கவில்லை. ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் சாதாரண உடையில் அவன் வீட்டுக்கே வந்தார், அம்மா பக்கத்தில் இருக்க வாக்குமூலம் வாங்கினார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, கேட்டு வாங்க வேண்டிய உரிமை அது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் தகவல் போனது. அந்தக் குழு வழக்கு முடியும்வரை கூடவே வர ஓர் ஆதரவு நபரை நியமித்தது. அவர் வந்த பிறகுதான் அந்த அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த அதிகாரி என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. ஆனால் பேனாவை வைத்துவிட்டு, "டீச்சர், ஏன் இத்தனை நாள்?" என்று கேட்டார். ஐயாவிடம் சொன்னேன் என்றேன். "எங்ககிட்ட சொல்லணும்" என்றார். சட்டப்படி என் மேலேயே வழக்கு வந்திருக்கலாம் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

செலவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். பயத்தில் ஒரு வழக்கறிஞரிடம் இரண்டு முறை போய் 6,000 ரூபாய் கொடுத்தேன். அவர் சொன்னதெல்லாம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கிடைத்திருக்கும். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே பார்க்காமல் அங்கே சட்ட உதவி உண்டு. பிள்ளைக்கான மனநல ஆலோசனைக்கு இரண்டு மாதம் நானும் அவன் அம்மாவும் சேர்ந்து 9,000 ரூபாய்க்கு மேல் செலவழித்த பிறகுதான் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் கேட்டிருக்கலாம் என்று தெரிந்தது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால இழப்பீடு கேட்கவும் வழி இருக்கிறது, ஆதரவு நபர்தான் மனு எழுதித் தந்தார். எனக்கு 11 நாள் சம்பளம் பிடித்தம் ஆனது. சபையின் உதவி நிதி நின்றுபோனது. அந்த வருஷக் கட்டணத்தை நாங்கள் நாலைந்து பேர் பங்கு போட்டுக் கட்டினோம். 9 வருஷம் தோளோடு தோள் நின்று பாடம் எடுத்தவர்களில் இரண்டு பேரைத் தவிர ஒருவரும் என்னோடு பேசுவதில்லை. அதற்கு விலை போட எனக்குத் தெரியவில்லை.

சாட்சிக் கூண்டில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடித்துக்கொண்டது இரண்டே விஷயம். ஒன்று, அந்த 26 நாள். இரண்டு, கமிட்டியில் பிள்ளை சொன்னதாக எழுதிக் கையெழுத்து வாங்கிய காகிதம். அவன் முதலில் என்னிடம் சொன்ன வார்த்தைகள் என்ன என்று கேட்டபோது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றே எழுதிவைத்த ஒரு தாள் இருந்திருந்தால் அந்தக் காகிதத்துக்கு எதிரே அது நின்றிருக்கும். வழக்கு இன்னும் முடியவில்லை, அதனால் அதைப் பற்றி இதற்கு மேல் எழுதக் கூடாது. பிள்ளை மட்டும் நன்றாகப் பேசினான். குற்றம் சாட்டப்பட்டவரை அவன் பார்க்காதபடி திரை போட்டிருந்தார்கள். நடுவில் இடைவேளை கொடுத்தார்கள்.

சபைப் பொறுப்பில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் நான் கேட்பதில் பணம் செலவாகும் காரியம் அதிகமில்லை. எந்தப் பிள்ளையோடும் எந்தப் பெரியவரும் தனியே இருக்கக் கூடாது, ஒவ்வொரு வகுப்புக்கும் உறவில்லாத இரண்டு பெரியவர்கள். வகுப்பு அறைக் கதவில் ஒரு கண்ணாடிச் சட்டம், இல்லாவிட்டால் கதவைக் கழற்றியே வைத்துவிடுங்கள். பிள்ளைகளுக்குத் தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோர் இருக்கும் குழுவில் மட்டும். குழந்தைகளோடு வழக்கமாகப் பழகும் இடங்களில் பணியாற்றுவோருக்குக் காவல் துறைச் சரிபார்ப்பு வேண்டும் என்று 2020 போக்சோ விதிகளிலேயே இருக்கிறது, நம்ம பிள்ளைதானே என்று அதைத் தள்ளாதீர்கள். 1098 என்ற எண்ணை ஞாயிறு பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒட்டுங்கள். அப்புறம், பெற்றோர் உள்ளே வந்து உட்காரலாம் என்று சொல்லுங்கள். எங்கள் கீபோர்டு வகுப்பில் "பேரன்ட்ஸ் இருந்தா பசங்க கவனிக்க மாட்டாங்க" என்று சொல்லித்தான் எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். அதை ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

போன மாதம் அவன் தானாகவே மறுபடி கீபோர்டு கற்றுக்கொள்ள வேண்டும் என்றானாம். அவன் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மூன்று சபைகளுக்குப் போனார். வகுப்பில் எத்தனை பெரியவர்கள் இருப்பார்கள், கதவு திறந்திருக்குமா, புகார் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டோம். முதல் இடத்தில் இதெல்லாம் எதற்கு என்றார்கள். இரண்டாவது இடத்தில் சிரித்தார்கள். மூன்றாவது இடத்தில் ஒரு பெரியம்மா ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு வாரமும் எந்த அறையில் எந்த இரண்டு பேர் இருந்தார்கள் என்று கையெழுத்தோடு இருந்தது. அங்கேதான் சேர்த்தோம். முதல் வகுப்பு முழுவதும் அவன் அம்மா கடைசி நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். யாரும் அவரை வெளியே போகச் சொல்லவில்லை.